முட்டை கேசரோல்: முந்தின இரவே கலந்து வைப்பதா, சுட்டு வைப்பதா, உறைய வைப்பதா?

முட்டை, பால், சீஸ், காய்கறி, பிரெட் எல்லாவற்றையும் ஒரே டிரேயில் சேர்த்து ஓவனில் சுடும் கேசரோலுக்கு, காய் நறுக்குவதில் தொடங்கி மேசைக்கு வரும்வரை ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். காலையில் அவ்வளவு நேரம் யாரிடமும் இருப்பதில்லை. வேலையில் ஒரு பகுதியை முன்கூட்டியே முடித்து வைக்கத்தான் வேண்டும். எந்தக் கட்டத்தில் நிறுத்தி வைப்பது என்பதில்தான் குழப்பம். எல்லாவற்றையும் கலந்து, சுடாமல் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்கலாம். பொருட்களைத் தனித்தனியாகத் தயார் செய்துவிட்டு, காலையில் கலந்து சுடலாம். முழுக்கச் சுட்டு ஆறவைத்து, வேண்டும்போது சூடாக்கலாம். சுட்டதை வெட்டி ஃப்ரீசரில் போட்டு மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

காலையில் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதை மட்டும் பார்த்துப் பலரும் முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது டிரேக்குள் என்ன போகிறது என்பது. பிரெட் போட்ட கேசரோல் இரவு முழுக்க ஊறினால் ருசி கூடும். பிரெட் இல்லாமல் முட்டையும் காய்கறியும் மட்டும் இருக்கும் கேசரோலை அதே மாதிரி ஊறவைத்தால், காலையில் டிரேயின் அடியில் தண்ணீர் நிற்கும். உருளைக்கிழங்கு போட்டதை உறைய வைத்தால் மணல் மாதிரி ஆகும். ஆக, ஒரே முறையை எல்லா கேசரோலுக்கும் பொருத்த முடியாது.

எல்லாம் தண்ணீரைப் பொறுத்தது

இந்தக் கட்டுரையில் சொல்லும் அளவுகள் 23 × 33 செ.மீ., 5 செ.மீ. ஆழமுள்ள டிரேக்கானவை. எட்டுப் பேர் சாப்பிடலாம். பிரெட் வகைக்கு 10 முட்டை, 500 மி.லி. முழுக்கொழுப்புப் பால், 350 கிராம் பிரெட் துண்டுகள், 200 கிராம் துருவிய சீஸ், வதக்கிய காய்கறியோ வெந்த இறைச்சியோ 300 கிராம், ஒரு டீஸ்பூன் உப்பு. சீஸும் சாசேஜும் உப்பு மிகுந்தவை என்றால் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பிரெட் இல்லாத வகைக்கு 12 முட்டை, 250 மி.லி. பால், 200 கிராம் சீஸ், வதக்கிய காய்கறி 400 கிராம்.

முதல் கலவையில் முட்டையிலும் பாலிலும் இருக்கும் தண்ணீரை மட்டும் கணக்குப் போட்டாலே சுமார் 800 மி.லி. வரும். முட்டையில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர், பாலில் அதைவிடவும் அதிகம். கேசரோல் சுடுவது என்பதே இந்தத் தண்ணீரை வெளியேறவிடாமல் பிடித்து வைக்கும் வேலைதான். முட்டைப் புரதம் சூட்டில் வலையாகப் பின்னிக்கொண்டு தண்ணீரை உள்ளே பிடித்துக்கொள்கிறது. சூடு மிஞ்சினால் வலை இறுகி, பிடித்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். வெட்டும்போது தட்டில் ஓடும் வெளிறிய தண்ணீர் இப்படி வருவதுதான்.

பால் சேர்க்காமல் அடித்த முட்டை 73 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டிப்படும். பால் கூடக் கூட அந்த வெப்பநிலையும் ஏறி, 80 டிகிரியை நெருங்கும். 85ஐத் தாண்டினால் திரிய ஆரம்பிக்கும். பதத்துக்கும் பாழாவதற்கும் நடுவில் சில டிகிரிகள்தான் இருக்கின்றன. இதில் காய்கறியும் தன் பங்குக்குத் தண்ணீரைவிட்டால் வலை தாங்காது. காளான், கீரை, சுரைக்காய் வகைகள் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பச்சையாகப் போட்டு, உப்பிட்ட முட்டைக் கலவையில் இரவு முழுக்க வைத்தால், உப்பு அந்தத் தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும். முன்கூட்டிய தயாரிப்பில் இந்தச் சிக்கல் பெரிதாகிறது. கலந்த உடனே சுட்டால் பாதி தப்பித்துக்கொள்ளலாம், எட்டு மணி நேரம் வைத்தால் தப்பிக்க வழியில்லை.

அதனால் எந்த முறையைப் பிடித்தாலும் காய்கறியை முதலில் வதக்கித்தான் ஆக வேண்டும். காளானை மூடாமல், பெரிய தீயில், விட்ட தண்ணீர் முழுக்க வற்றி ஓரம் பழுப்பாகும்வரை வதக்க வேண்டும். தண்ணீர் விட்ட உடனே இறக்கினால், வதக்கியதற்குப் பலனே இல்லை. கீரையை வாடவிட்டு, ஆறியதும் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். உறைந்த கீரையை உருகவைத்துப் பயன்படுத்துகிறவர்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு அழுத்திப் பிழிவது நல்லது. தக்காளியில் விதையும் சாறும் உள்ள நடுப்பகுதியை எடுத்துவிட்டு, சதையை மட்டும் போட வேண்டும். வெங்காயமும் குடமிளகாயும் ஐந்து, ஆறு நிமிடம் வதங்கினால் போதும். பச்சை வெங்காயத்தை இரவு முழுக்க முட்டையில் ஊறவைத்தால் டிரே முழுக்க அதன் காரநெடி ஏறிவிடும்.

முந்தின இரவே கலந்து, காலையில் சுடுவது

பிரெட் வகைக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. உடனடியாகச் சுட்டால் பிரெட்டின் வெளிப்பக்கம் மட்டும் கலவையை உறிஞ்சும், நடுப்பகுதி உலர்ந்தே இருக்கும், உறிஞ்சப்படாத முட்டை அடியில் தங்கித் தனி அடுக்காக, ரப்பர் மாதிரி வேகும். எட்டு மணி நேரம் ஊறினால் பிரெட் துண்டின் நடுவரை கலவை போய்ச் சேரும். சுட்டதும் டிரே முழுக்க ஒரே மென்மை. பிரெட்டின் மாவுச்சத்து முட்டைப் புரதம் சட்டென்று இறுகாமல் தடுப்பதால், ஐந்து நிமிடம் கூடச் சுட்டாலும் பெரிதாகக் கெடாது.

பிரெட்டின் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். மென்மையான சாண்ட்விச் பிரெட்டைப் புதிதாக அப்படியே போட்டால் இரண்டு மணி நேரத்தில் கரைந்து கஞ்சியாகிவிடும். கெட்டியான தோலும் இறுக்கமான உட்பகுதியும் உள்ள பிரெட் வேண்டும், அதுவும் ஒரு நாள் பழையதாக இருந்தால் நல்லது. புதியது மட்டும்தான் இருக்கிறது என்றால் 2.5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 150 டிகிரி ஓவனில் 12 முதல் 15 நிமிடம் உலர்த்திக்கொள்ளலாம். நிறம் மாற வேண்டியதில்லை, தொட்டால் மேற்பரப்பு கரகரவென்று இருக்க வேண்டும். க்ரோசான் போடுகிறவர்கள் உலர்த்துவதைத் தவிர்க்கவே கூடாது. அதிலுள்ள வெண்ணெய் கலவையை உள்ளே விடாமல் கொஞ்ச நேரம் தடுக்கும், பிறகு அடுக்குகள் மொத்தமாகக் குழையும்.

செய்யும் வரிசை இப்படி. டிரேயில் வெண்ணெய் தடவி, பிரெட்டில் பாதி, காய்கறியில் பாதி, சீஸில் மூன்றில் ஒரு பங்கு என்று பரப்ப வேண்டும். அடுத்த அடுக்கும் அதே மாதிரி. கடைசி மூன்றில் ஒரு பங்கு சீஸைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். முட்டை, பால், உப்பு, மிளகுத்தூள் எல்லாம் சேர்த்து, வெள்ளைக்கரு இழையே தெரியாதபடி அடித்து, மேலே சீராக ஊற்ற வேண்டும். நுரை வர அடிக்க வேண்டாம், நுரை மேலே உப்பி, காய்ந்த தோலாக நிற்கும். ஊற்றியதும் மேலே நிற்கும் பிரெட் துண்டுகளைக் கரண்டியால் அமுக்கிவிட்டு, கிளிங் ஃபிலிமைக் கலவையின் மேல் ஒட்டினாற்போல் போர்த்த வேண்டும். அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை அமுக்கிவிட்டால் மேல் துண்டுகளும் நனையும்.

இந்தக் கட்டத்தில் உடம்புக்கு ஆபத்தான ஒரு தவறு நடக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு சாசேஜையும் காளானையும் பச்சை முட்டையோடு சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு கிலோ எடையுள்ள டிரே வெதுவெதுப்பாக ஃப்ரிட்ஜுக்குள் போனால் அதன் நடுப்பகுதி குளிர மணிக்கணக்கில் ஆகும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பெருகும். வதக்கியதை அகலத் தட்டில் பரப்பி, ஃப்ரிட்ஜில் முழுக்க ஆறவைத்த பிறகே முட்டையோடு சேர்க்க வேண்டும். இறைச்சி எதுவானாலும் முழுக்க வெந்திருக்க வேண்டும். பாதி வேகவைத்து, மீதி ஓவனில் வெந்துகொள்ளும் என்று விடக் கூடாது. ஃப்ரிட்ஜ் 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும், கலந்த டிரே 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 12 மணி நேரத்துக்கு மேல் போனால் பிரெட்டும் குழைய ஆரம்பிக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கலந்து காலை ஏழுக்குச் சுடுவது சரியான இடைவெளி.

பேக்கிங் பவுடர் சேர்க்கும் வகையாக இருந்தால் அதை இரவே போடாதீர்கள். ஈரம் பட்டதும் அதன் வேகத்தில் ஒரு பகுதி இரவோடு இரவாகத் தீர்ந்துவிடும். காலையில் இரண்டு கரண்டி பாலில் கலந்து, மேலே தெளித்துக் கிளறவும் முடியாது, ஏனென்றால் அடுக்கு கலைந்துவிடும். முன்கூட்டி ஊறவைக்கும் கேசரோலில் பேக்கிங் பவுடரே வேண்டாம் என்று விட்டுவிடுவதுதான் சரி. முட்டையின் நீராவியே போதுமான அளவுக்கு உப்பவைக்கும்.

காலையில் ஓவனை 175 டிகிரிக்குச் சூடாக்கத் தொடங்கும்போதே டிரேயை வெளியே எடுத்து வைக்க வேண்டும். அரை மணி நேரம் வெளியே இருந்தால் போதும். கண்ணாடி டிரேயாக இருந்தால் இதில் சமரசமே கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடியை நேராகச் சூடான ஓவனில் வைத்தால் வெடிக்கலாம், வெடித்தால் சாப்பாடு மொத்தமும் கண்ணாடித் தூள். அந்த அரை மணி நேரத்துக்கும் வழியில்லாதவர்கள் முதலிலேயே உலோக டிரேயில் கலந்து வைப்பது நல்லது. தக்காளி போன்ற புளிப்பான பொருள் இருந்தால், பூச்சில்லாத அலுமினிய டிரேயை மட்டும் தவிர்க்க வேண்டும். இரவு முழுக்கப் புளிப்பு பட்டால் அலுமினியம் அரிக்கும், உணவிலும் உலோக வாடை ஏறும். மேலே மூடும் ஃபாயிலும் அதே உலோகம்தான், நடுவில் ஒரு பட்டர் பேப்பர் போட்டுக்கொள்ளலாம்.

கிளிங் ஃபிலிமை எடுத்துவிட்டு, முதல் 30 நிமிடம் ஃபாயிலால் மூடிச் சுட வேண்டும். பிறகு மூடியை எடுத்து 20 முதல் 25 நிமிடம். எடுத்து வைத்த சீஸைக் கடைசி 10 நிமிடத்தில் தூவ வேண்டும், முதலிலேயே தூவினால் நடு வேகுமுன் சீஸ் கருகித் தோல்போல் இறுகும். குளிர்ந்த டிரேக்கு, கலந்த உடனே சுடுவதைவிட 10 முதல் 15 நிமிடம் கூடுதலாக ஆகும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைக் காக்கவைக்கும் தாமதம் பெரும்பாலும் இந்தக் கால் மணி நேரத்தில்தான் வருகிறது.

வெந்துவிட்டதா என்று பார்க்கக் கத்தி குத்துவது பிரெட் வகைக்கு அவ்வளவு நம்பகமில்லை, உருகிய சீஸ் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். உணவுத் தெர்மாமீட்டரை நட்ட நடுவில், பாதி ஆழத்துக்குக் குத்திப் பாருங்கள். 71 டிகிரி என்பது பாதுகாப்புக்கான குறைந்தபட்ச அளவு. பால் அதிகமுள்ள பிரெட் கேசரோல் 74 முதல் 77 டிகிரியில்தான் பதமாக இருக்கும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் டிரேயை லேசாக ஆட்டிப் பார்க்கலாம். நடுப்பகுதி மொத்தமாகச் சேர்ந்து மெல்ல அசைந்தால் சரி, அலை மாதிரி ஓடினால் இன்னும் பத்து நிமிடம் வேண்டும். எடுத்த பின் 10 நிமிடம் வெட்டாமல் விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் புரத வலை தளர்ந்து நிலைப்படும். அவசரப்பட்டு வெட்டினால் சரியாக வெந்த கேசரோலும் தண்ணீர் விடும்.

பொருட்களைத் தனித்தனியாக வைத்து, காலையில் கலப்பது

பிரெட் இல்லாத கேசரோலுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். இரவில் காய்கறியை வதக்கி, ஆறவைத்து ஒரு டப்பாவில் போட வேண்டும். டப்பாவின் அடியில் சமையலறைப் பேப்பர் டவல் ஒன்று விரித்தால், இரவில் கசியும் மிச்சத் தண்ணீரையும் அது வாங்கிக்கொள்ளும். சீஸைத் துருவி இன்னொரு டப்பா. முட்டையை உடைத்து, பாலோடு அடித்து, மூடி போட்ட ஜாரில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். உப்பையும் அதிலேயே போடலாம், முட்டைக்கு அதனால் கெடுதல் இல்லை, நிறம் மட்டும் கொஞ்சம் ஆழமாகும். உப்பு காய்கறியில் நேராகப் படாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

காலையில் டிரேயில் காயைப் பரப்பி, சீஸைத் தூவி, ஜாரைக் குலுக்கி ஊற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. 175 டிகிரியில் மூடாமல் 35 முதல் 40 நிமிடம் சுட்டால் போதும். டிரே குளிர்ந்ததில்லை என்பதால் கண்ணாடி வெடிக்கும் பயம் குறைவு, கூடுதல் கால் மணி நேரமும் மிச்சம். மொத்தத்தில், கலந்து வைத்த டிரேயைவிட இது காலையில் சீக்கிரமாகவே மேசைக்கு வரும். இத்தனை இருந்தும் பலர் இதை ஒரு முறையாகவே எண்ணுவதில்லை, அதுதான் வருத்தம்.

உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கும் இதுவே பொருத்தம். துருவிய பச்சைக் கிழங்கு காற்றுப் பட்டதும் கறுக்கும், முட்டைக்குள் மூழ்கினாலும் மாவுத்தண்ணீர் விடும். கிழங்கைத் துருவி, கழுவி, பிழிந்து, எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி இரவே வைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. காலையில் அதையே டிரேயின் அடியில் அழுத்தி, 200 டிகிரியில் 10 நிமிடம் தனியாகச் சுட்டுவிட்டு, ஓவனை 175க்கு இறக்கி, அதன்மேல் முட்டையை ஊற்றினால் அடி மொறுமொறுவென்று இருக்கும். கலந்து வைத்த டிரேயில் இந்த மொறுமொறுப்பு ஒருக்காலும் வராது.

முழுக்கச் சுட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, சூடாக்குவது

காலையில் ஓவனுக்கு நேரமே இல்லை, பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்பவர்களுக்கு இது. ருசியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், மறைக்க ஒன்றுமில்லை. இரண்டாவது முறை சூடாக்கும்போது புரத வலை இன்னொரு சுற்று இறுகுகிறது. அதைச் சமாளிக்கச் சுடும்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். பிரெட் இல்லாத வகை என்றால், 12 முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சோளமாவைக் கொஞ்சம் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்துச் சேர்க்கலாம். மாவுச்சத்து புரதங்களுக்கு நடுவில் புகுந்து, வலை அளவுக்கு மீறி இறுகாமல் பார்த்துக்கொள்ளும். பாலில் ஒரு பங்குக்குக் க்ரீமோ க்ரீம் சீஸோ சேர்ப்பதும் உதவும், கொழுப்பும் அதே வேலையைச் செய்கிறது. கொழுப்பு நீக்கிய பால் இந்த முறைக்குச் சரிப்படாது.

மறுநாள் எப்படியும் சூடாக்கப் போகிறோமே என்று இரவில் கொஞ்சம் குறைவாகச் சுடுவது ஒரு பொதுவான யோசனை. வேண்டாம். நடுப்பகுதி 71 டிகிரியைத் தொடாமல் நின்றால் கிருமி சாகாது, ஆறும்போது அது வெதுவெதுப்பான சூட்டில் பெருகவும் நேரம் கிடைக்கும். முழுக்கச் சுடுங்கள், ஆனால் 74ஐத் தொட்டதும் எடுத்துவிடுங்கள். உள்ளிருக்கும் சூடே இன்னும் ஓரிரு டிகிரி ஏற்றிவிடும்.

ஆறவைப்பதிலும் கவனம் வேண்டும். சுட்ட டிரேயை அப்படியே மேசையில் விட்டுத் தூங்கப் போய்விடக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போயாக வேண்டும். 20 நிமிடம் ஆறவிட்டு, எட்டுத் துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு கம்பித் தட்டில் வைத்தால் சீக்கிரம் ஆறும், அடியில் நீராவி தங்கி ஈரமாவதும் நிற்கும். பிறகு டப்பாவில் அடுக்கி மூடலாம். சூடாக மூடினால் மூடியில் படியும் தண்ணீர் திரும்பக் கேசரோலின்மேல் சொட்டும். 4 டிகிரிக்குக் கீழ் மூன்று, நான்கு நாள் தாங்கும்.

சூடாக்குவதற்கு மைக்ரோவேவை முழுச் சக்தியில் வைப்பதுதான் இந்த முறைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. ஓரம் ரப்பராகி, நடு பனிக்கட்டி மாதிரி இருக்கும். 50 சதவீதச் சக்தியில், துண்டின்மேல் ஈரப் பேப்பர் டவல் போர்த்தி, ஒரு துண்டுக்கு ஒன்றரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுத்து, தேவைப்பட்டால் இன்னொரு அரை நிமிடம். நடுப்பகுதி 74 டிகிரிக்கு வர வேண்டும். முழு டிரேயாகவே வைத்திருந்தால் ஃபாயிலால் மூடி, 160 டிகிரி ஓவனில் 30 நிமிடம். அதற்கு மேல் சூட்டைக் கூட்டினால் நேரம் மிச்சமாகாது, ஓரம்தான் காயும்.

சில சமயம் மேலேயும் ஓரத்திலும் சாம்பல் கலந்த பச்சை நிறம் தட்டும். மஞ்சள்கருவிலுள்ள இரும்பும், அதிகச் சூட்டில் வெள்ளைக்கருவிலிருந்து வெளிவரும் கந்தக வாயுவும் சேர்ந்து உண்டாகும் நிறம் அது. சாப்பிட்டால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் கூடுதலாகச் சுட்டதற்கும், நீண்ட நேரம் சூட்டிலேயே வைத்திருந்ததற்கும் அது தெளிவான அடையாளம்.

ஃப்ரீசர்

சுடாத கலவையை டிரேயோடு உறைய வைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பாலோடு அடித்த முட்டை உறையும், அதில் தவறில்லை. ஆனால் இரண்டு கிலோ உறைகட்டி ஃப்ரிட்ஜில் முழுக்க உருக ஒரு நாளுக்கு மேல் ஆகும். உருகும்போது பிரெட் கூழாகி, காய் தண்ணீர் விட்டிருக்கும். உருகாமலே ஓவனில் வைத்தால் நடு உருகி முடிவதற்குள் ஓரம் காய்ந்து பிளக்கும்.

சுட்ட பின் உறைய வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும், பிரெட் வகைக்கு நன்றாகவே ஒத்துவரும். உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் புரத வலையைக் கிழிக்கின்றன, உருகும்போது அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் கசிகிறது. பிரெட் கூடவே இருந்தால் கசிந்ததைப் பஞ்சாக உறிஞ்சிக்கொள்ளும். பிரெட் இல்லாத வகையில் சீஸும் க்ரீம் சீஸும் அதிகமாக இருந்தால் ஓரளவு தாங்கும். சோளமாவை இங்கே நம்ப வேண்டாம். உறைந்து உருகும்போது சோளமாவுக் கூழே தண்ணீர் விடும் குணமுள்ளது. கட்டியாக வெட்டிய உருளைக்கிழங்கு, தக்காளி, பெரிய காளான் துண்டுகள் மூன்றும் ஃப்ரீசருக்கு ஆகாதவை.

துண்டுகளை முதலில் ஃப்ரிட்ஜில் முழுக்கக் குளிரவைத்து, தட்டில் இடைவெளிவிட்டு இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வெளிப்பக்கம் கெட்டியானதும் ஒவ்வொன்றையும் கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றி, காற்றை வெளியேற்றிய ஜிப் பையில் போட்டு, தேதி எழுதி வைக்கலாம். மைனஸ் 18 டிகிரியில் கெட்டுப்போகாது, ஆனால் இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல் போனால் பதமும் வாசனையும் இறங்கும். சாப்பிடுவதற்கு முந்தின இரவே ஒரு துண்டை ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டால், காலையில் மேலே சொன்ன மாதிரியே சூடாக்கலாம். மறந்துவிட்டால் மைக்ரோவேவில் 30 சதவீதச் சக்தியில் இரண்டு நிமிடம் உருகவிட்டு, வடியும் தண்ணீரைப் பேப்பரால் ஒற்றியெடுத்து, பிறகு 50 சதவீதத்தில் சூடாக்குங்கள்.

ஃப்ரீசருக்காகவே செய்வதானால் பெரிய டிரேயை விட்டுவிட்டு 12 குழி மஃபின் டிரேயில் சுடுவது மேல். 10 முட்டை, 100 மி.லி. பால், காயும் சீஸும் சேர்ந்து 250 கிராம். குழியில் முக்கால் பாகம் நிரப்பி, 175 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம். சிறியவை சீக்கிரம் ஆறும், சீக்கிரம் உறையும், பனிப்படிகங்களும் சின்னதாகவே இருக்கும். ஓவனில் பந்துபோல் உப்பி, வெளியே எடுத்ததும் அமுங்கிவிடும். உள்ளே இருந்த நீராவி அடங்குவதால் அப்படி ஆகிறது, தவறொன்றும் நடக்கவில்லை. ஒட்டாத டிரே என்று எழுதியிருந்தாலும் நம்பாமல், சிலிக்கான் கப்பைப் பயன்படுத்துங்கள். முட்டை அளவுக்கு டிரேயில் ஒட்டுகிற பொருள் குறைவு.

ஸ்லோ குக்கரில் இரவே கலந்து, டைமர் போட்டு, விடியற்காலையில் தானாகத் தொடங்கவைக்கும் யோசனையும் உண்டு. செய்யக் கூடாது. தொடங்கும்வரை பச்சை முட்டையும் பாலும் அறை வெப்பத்திலேயே மணிக்கணக்கில் கிடக்கும்.

யாருக்கு எது

வார இறுதியில் வீடு நிறைய ஆள், காலையில் ஒன்றரை மணி நேரம் ஓவன் சும்மா இருக்கும், ஆனால் நீங்கள் அதன் அருகில் நிற்க முடியாது என்றால், பிரெட் வகையை இரவே கலந்து வையுங்கள். கை வேலை ஐந்து நிமிடம்தான், மீதி நேரம் ஓவன் பார்த்துக்கொள்ளும். அதே கூட்டத்தில் பிரெட் சாப்பிடாதவர்கள் இருந்தால், அவர்களுக்காகச் சின்ன டிரே ஒன்றைத் தனித்தனிப் பொருட்கள் முறையில் செய்யலாம், அது சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் பெரிய டிரே உள்ளே போய் 25 நிமிடம் கழித்து வைத்தால் இரண்டும் ஒன்றாக முடியும்.

வேலை நாட்களில் ஒருவரோ இருவரோ சாப்பிடுவதற்கு என்றால் கலந்து வைப்பதில் அர்த்தமில்லை. முதல் நாள் மாலை முழுக்கச் சுட்டு, நான்கு நாளைக்கு வேண்டிய துண்டுகளை ஃப்ரிட்ஜிலும் மீதியை ஃப்ரீசரிலும் வைத்துக்கொள்வதே கட்டுபடியாகும். இதற்குப் பிரெட் வகையைத் தேர்ந்தெடுங்கள், இரண்டுக்கும் அதுதான் தாங்கும். கைக்குழந்தையுள்ள வீடு, உடம்பு சரியில்லாதவர் இருக்கும் வீடு என்று நேரமே சொல்ல முடியாத இடங்களுக்குக் கொடுத்தனுப்புவதானால் மஃபின் அளவில் உறைய வைத்தவை. ஒன்று வேண்டுமா, மூன்று வேண்டுமா என்று அவர்களே எடுத்துக்கொள்ளலாம், டிரேயைத் திருப்பித் தர வேண்டிய கவலையும் அவர்களுக்கு இருக்காது.

இருபது பேருக்கு மேல் என்றால் ஆழமான ஒரே பெரிய டிரேக்கு ஆசைப்படாதீர்கள். ஆழம் 5 செ.மீ.யைத் தாண்டினால் நடு வேகும் முன் ஓரம் தண்ணீர்விட்டுவிடும். 23 × 33 டிரேக்களாகவே மூன்று கலந்து வையுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் சுடும்போது பாதி நேரத்தில் மேல்தட்டையும் கீழ்தட்டையும் மாற்றி, 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவதை முதல் இரண்டும் வெளியே வரும்போது உள்ளே வையுங்கள், தாமதமாக வருகிறவர்களுக்குச் சூடாக இருக்கும். மேசையில் வைத்த டிரே இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருக்கக் கூடாது, அறை 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஒரு மணி நேரம்தான். அதற்கு மேலும் வைக்க வேண்டுமென்றால் 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைக்க ஏற்பாடு வேண்டும், அப்படி வைத்ததில் மிஞ்சியதை மறுபடி உறைய வைக்கும் எண்ணம் வேண்டாம்.